புதுசா வந்தவர் எப்படி?

ஒரு வீட்டுக்குப் புது மருமகள் வந்தால், மூன்றே நாளில் தெருவே கூடித் தீர்ப்பு எழுதிவிடும். "நடையைப் பார்த்தாலே தெரியலையா?" என்பாள் ஒருத்தி. "காபி கொண்டுவந்து வெச்ச அழகைத்தான் பார்த்தேனே!" என்பாள் இன்னொருத்தி. பாவம், அந்தப் பெண் அப்போதுதான் அடுப்பங்கரையில் உப்பு ஜாடி எது, சர்க்கரை டப்பா எது என்று தேடிக்கொண்டிருப்பாள்.

இந்த வழக்கம் பெண்களுக்கு மட்டுமே சொந்தம் என்று நம் வீட்டு ஆண்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு கால்பந்து அணிக்குப் புதிதாகத் தலைமைப் பயிற்சியாளர் வந்த அன்று அவர்கள் பேசுவதை நீங்கள் கேட்க வேண்டுமே! மாமியார் மெச்சின மருமகள் இல்லை என்பார்கள். ரசிகர் மெச்சின கோச்சும் இல்லை என்று நான் சேர்த்துக்கொள்கிறேன்.

"கால்பந்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே. இன்றைக்குத் திருவண்ணாமலை மாதிரி ஊரிலும் பெண் குழந்தைகள் பூட்ஸ் மாட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போகிறார்கள். பாட்டு டீச்சர், டியூஷன் சார், கராத்தே மாஸ்டர் என்று யாரோ ஒரு புது மனிதரிடம் நாம் எல்லோருமே பிள்ளையை ஒப்படைக்கிறோம். அவரை எப்படி எடை போடுவது? இந்த விஷயத்தில் கால்பந்து ரசிகர்களிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது கொஞ்சம் உண்டு. கற்றுக்கொள்ளக் கூடாததும் உண்டு.

நீலச் சட்டைக்காரர்கள்

எங்கள் பையனுக்குச் சென்னையின் எஃப்.சி. என்றால் உயிர். 2014-ல் ஐ.எஸ்.எல். போட்டி தொடங்கியபோது பிறந்த அணி அது. முதலாளிகளில் அபிஷேக் பச்சனும் கிரிக்கெட் தோனியும் இருந்ததால், பந்து உருண்டை என்பதைத் தவிர வேறொன்றும் தெரியாத வீடுகளில் கூட அந்தப் பெயர் நுழைந்துவிட்டது. சென்னை நேரு ஸ்டேடியத்தில் 'சூப்பர் மச்சான்ஸ்', 'பி ஸ்டாண்ட் புளூஸ்' என்று ரசிகர் கூட்டங்களே உண்டு. எங்கள் ஊரிலிருந்து சென்னைக்கு பஸ்ஸில் நாலைந்து மணி நேரம். ஆகவே எங்கள் வீட்டு ரசிகருக்கு டி.வி.தான் ஸ்டேடியம்.

அணியின் முதல் பயிற்சியாளர் இத்தாலிக்காரர் மார்க்கோ மட்டெராஸி. 2006 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பிரான்ஸின் ஜிடான் தலையால் நெஞ்சில் முட்டித் தள்ளினாரே, அந்த முட்டு வாங்கியவர்! 'சண்டைக்காரர் ஆச்சே, இவர் என்ன சொல்லிக்கொடுப்பார்?' என்றுதான் பலருக்கும் முதலில் தோன்றியது. 2015-ல் பாதி சீசனில் அணி பட்டியலின் அடியில் கிடந்தது. அந்த வருஷம் டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வந்து, சொந்த ஊரில் நடக்க வேண்டிய அரையிறுதி ஆட்டத்தையே புனேவுக்கு மாற்றினார்கள். அப்படிப்பட்ட அணி டிசம்பர் 20-ம் தேதி கோவாவை 3-2 என்று தோற்கடித்துக் கோப்பையைத் தூக்கிற்று.

2017-ல் இங்கிலாந்திலிருந்து ஜான் கிரிகரி வந்தார். அறுபதைத் தாண்டிய மனிதர். முதல் ஆட்டமே சொந்த மண்ணில் 2-3 தோல்வி. "ரிட்டையர் ஆகிற வயசுல இங்க எதுக்கு வந்தாரு?" என்றார் எங்கள் வீட்டுக்காரர். 2018 மார்ச் 17-ம் தேதி அதே தாத்தா பெங்களூருவில் பெங்களூரு அணியையே 3-2 என்று ஜெயித்து இரண்டாவது கோப்பையைக் கொண்டுவந்தார். அடுத்த சீசனில் அவரே பயிற்சியாளர், ஆனால் 18 ஆட்டங்களில் 9 புள்ளிதான். அணி கடைசி இடம்!

ஆக, முதல் நாள் பார்த்ததும் சரியாக இல்லை. கோப்பை வாங்கிய நாளில் பார்த்ததும் முழு உண்மையாக இல்லை.

தீபத்துக்கு முந்தின ராத்திரி

2019 சீசன் தொடங்கியது. முதல் நாலு ஆட்டங்களில் சென்னையின் அணி ஒரு கோல் கூடப் போடவில்லை. ஆறு ஆட்டங்கள் முடிந்தபோது வெற்றி ஒன்றே ஒன்று. நவம்பர் கடைசியில் கிரிகரி விலகிவிட்டார். டிசம்பர் 3-ம் தேதி புதுப் பயிற்சியாளர் பெயரை அறிவித்தார்கள்: ஓவன் காயில்.

பாதி சீசனில் வருகிற பயிற்சியாளரின் நிலைமை நமக்கு நன்றாகவே புரியும். மாசக் கடைசியில் இன்னொருத்தி வீட்டுச் சமையலை ஏற்றுக்கொள்கிற மாதிரி. மளிகை ஏற்கெனவே வாங்கியாயிற்று. பட்டியல் போட்டது வேறு கை. இருக்கிற பருப்பில்தான் சாம்பார் வைக்க வேண்டும். ஆனால் ருசி சரியில்லை என்றால் திட்டு வாங்குவது இவள்தான்!

அந்த வருஷம் டிசம்பர் 10 கார்த்திகை தீபம். தீபத்தின்போது திருவண்ணாமலை வீடுகளின் நிலைமை உங்களுக்குத் தெரியாதா? போளூரிலிருந்தும் வேலூரிலிருந்தும் வந்த உறவுக்காரர்களால் வீடு நிரம்பி வழிந்தது. நான் அடுப்பங்கரையில் பொரி உருண்டைக்குப் பாகு வைத்துக்கொண்டிருந்தேன். என் மாமியார் கூடத்தில் உட்கார்ந்து அகலுக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தார். 9-ம் தேதி ராத்திரி ஜாம்ஷெட்பூர் அணியுடன் மேட்ச். புதுக் கோச்சுக்கு முதல் மேட்ச்.

"இவர் போல்ட்டனைக் கவுத்த ஆளுடா!" என்று ஆரம்பித்தார் என் கொழுந்தனார். காயில் பயிற்சியாளராக இருந்தபோதுதான் 2012-ல் இங்கிலாந்தின் போல்ட்டன் அணி பிரீமியர் லீகிலிருந்து கீழே இறங்கியதாம்.

"பர்ன்லியை மேலே ஏத்தினவரும் இவர்தான் சித்தப்பா," என்றான் என் பையன். அதுவும் நிஜம். 2009-ல் பர்ன்லி என்ற சின்ன ஊர் அணியை அதே லீகுக்கு உயர்த்தியவர் அவர்.

"ஸ்காட்லாந்துல பொறந்து அயர்லாந்துக்கு ஆடினவராம். இங்க வெயில் தாங்குவாரா?" என்றது ஒரு குரல். "டிசம்பர்ல ஏதுடா வெயில்?" என்றது இன்னொன்று. "நிக்கிற ஸ்டைலைப் பாரு, ஆள் ஸ்ட்ரிக்ட்டு போல" என்று மூன்றாவது கட்சி.

என் மாமியார் திரியைக் கீழே வைத்தார். "இன்னாடா இது, அந்த மனுஷன் வந்து ஆறு நாள் கூட ஆவல. நான் உங்க அம்மாவை ஆறு மாசம் பார்த்துட்டுத்தான் சாவியைக் குடுத்தேன்!" என்றாரே பார்க்கலாம். கூடமே சிரித்தது. அந்த ஆறு மாசமும் எனக்கல்லவா தெரியும்! நானும் சிரித்துவைத்தேன்.

ஆட்டம் 1-1 என்று சமனில் முடிந்தது. மறுநாள் சாயங்காலம் மலை மேல் தீபம் ஏற்றிய நேரத்தில் காயிலும் மறந்து போனார், கால்பந்தும் மறந்து போயிற்று.

பத்து நாளைக்கு ஒரு தீர்ப்பு

பிறகு நடந்ததைக் கேளுங்கள். டிசம்பர் 20-ம் தேதி கேரளாவை 3-1 என்று ஜெயித்தார்கள். "கோச்னா இவர்தான்யா!" டிசம்பர் 26-ல் கோவாவிடம் 3-4 தோல்வி. ஜனவரி 6-ல் ஒடிசாவிடம் 0-2 தோல்வி. கொழுந்தனார் வேலூரிலிருந்து போன் போட்டு, "நான் அன்னிக்கே சொன்னேனா இல்லையா?" என்றார். பத்து நாளைக்கு ஒரு தீர்ப்பு!

அதற்கப்புறம் லீகில் மிச்சமிருந்த எட்டு ஆட்டங்களில் ஒன்றில்கூட சென்னையின் அணி தோற்கவில்லை. ஆறு வெற்றி, இரண்டு சமன். முதல் ஆறு ஆட்டங்களில் மொத்தமாக நாலு கோல் போட்ட அதே அணி, பிப்ரவரி 1-ம் தேதி கொச்சியில் ஒரே ராத்திரியில் ஆறு கோல் போட்டது. நாலாவது இடம் பிடித்து அரையிறுதிக்குப் போனார்கள். பிப்ரவரி 29-ல் சென்னையில் கோவாவை 4-1 என்று வென்றார்கள். அடுத்த வாரம் கோவாவில் 2-4 என்று தோற்றும், இரண்டு ஆட்டக் கணக்கைக் கூட்டினால் 6-5. இறுதி ஆட்டம்!

மார்ச் 14, 2020. கொரோனா பயத்தால் ஒரு ரசிகர் கூட இல்லாத வெற்று ஸ்டேடியத்தில் அந்த ஆட்டம் நடந்தது. கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணி 3-1 என்று ஜெயித்தது. கோப்பை வரவில்லை. ஆனாலும் காயிலின் பெயரைச் சொன்னால் இன்றும் என் பையன் முகம் மலரும்.

"அப்படி என்னடா செஞ்சார்?" என்று கேட்டேன்.

"புதுசா பெரிய ஆளுங்க யாரையும் கொண்டுவரலம்மா. வால்ஸ்கிஸ், கிரிவெல்லாரோ, ஷெம்ப்ரி, சாங்தே, எல்லாரும் முன்னாடியே இருந்தவங்கதான். பயப்படாம முன்னால போய் ஆடச் சொன்னார், அவ்ளோதான்."

நாலு ஆட்டங்களாகக் கோல் போட முடியாத அணியில் இருந்த வால்ஸ்கிஸ், சீசன் முடிவில் 15 கோலுடன் தங்கக் காலணி விருது வாங்கினார். மளிகை அதேதான், சகோதரிகளே. சமைத்த கைதான் வேறு.

நல்ல முதல் பார்வையும் ஏமாற்றும்

'ஆகவே பொறுத்தார் பூமி ஆள்வார்' என்று முடித்துவிட்டால் கட்டுரை சுலபமாகப் போய்விடும். உண்மை அவ்வளவு சுலபமாக இல்லை.

அதே காயில் 2023-ல் சென்னைக்குத் திரும்பி வந்தார். நடுவில் ஜாம்ஷெட்பூர் அணிக்கு 2021-22 லீக் கேடயம் வாங்கிக்கொடுத்த பெருமை வேறு. இந்தத் தடவை யாரும் முகம் சுளிக்கவில்லை, ஆரத்தி எடுக்காத குறைதான். முதல் சீசனில் ஆறாவது இடம். 2024-25-ல் பதினொன்றாவது இடம். அதோடு போய்விட்டார்.

இந்திய அணியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2025 ஆகஸ்ட் 1-ம் தேதி காலித் ஜமீலைப் பயிற்சியாளராக அறிவித்தார்கள். 2017-ல் மிசோரமின் சின்ன அணியான ஐஸ்வாலை ஐ-லீக் சாம்பியன் ஆக்கியவர். 13 வருஷத்துக்குப் பிறகு அந்தப் பதவிக்கு வந்த இந்தியர். முதல் ஆட்டத்திலேயே தஜிகிஸ்தானை அதன் சொந்த மண்ணில் 2-1 என்று தோற்கடித்தார்கள். செப்டம்பர் 8-ல் ஓமனைப் பெனால்ட்டியில் வென்று அந்தப் போட்டியில் மூன்றாம் இடம். நாடே புகழ்ந்தது. அக்டோபர் 14-ம் தேதி கோவாவில் சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்று, 2027 ஆசியக் கோப்பைக்குப் போகும் வாய்ப்பே போயிற்று. புகழ்ந்த வாயெல்லாம் வசை பாடியது. இத்தனையும் இரண்டரை மாதத்துக்குள்!

எங்கள் ஊருக்குக் கிரிவலம் வந்திருப்பீர்கள். 14 கிலோமீட்டர். கோபுர வாசலில் நின்று பார்க்கும் மலை ஒரு உருவம். அடி அண்ணாமலைப் பக்கம் போனால் வேறொரு உருவம். ஒரே மலைதான். ஒரு இடத்தில் நின்றுகொண்டு "நான் மலையைப் பார்த்துவிட்டேன்" என்று சொல்ல முடியுமா?

எங்கள் வீட்டுக் கோச் விவகாரம்

இப்போது சொந்த விஷயத்துக்கு வருகிறேன். என் சின்னவளுக்கு 13 வயசு. அண்ணனோடு உட்கார்ந்து மேட்ச் பார்த்துப் பார்த்து அவளுக்கும் அந்தப் பைத்தியம் ஒட்டிக்கொண்டது. தினமும் காலையில் பயிற்சிக்குப் போகிறாள். போன வருஷம் அங்கே பழைய சார் மாற்றலாகிப் போய், புதிதாக ஒருவர் வந்தார்.

முதல் வாரம் பந்தையே கண்ணில் காட்டவில்லை. ஓடு, குனி, ஒற்றைக் காலில் நில், குதி, மறுபடி ஓடு! மைதானத்து ஓரத்தில் காத்திருக்கும் அம்மாமார்களிடையே ஒரே பேச்சு. "பழைய சார் எவ்ளோ அன்பா பேசுவாரு!" "இவர் மிலிட்டரி ஆளு மாதிரி கத்துறாரே." நாலாம் நாள் என் பெண் ஷூவைக் கழற்றி மூலையில் எறிந்தாள். "நான் இனிமே போகலம்மா. அவரைப் பார்த்தாலே பிடிக்கலை."

வீட்டில் இதற்காகவே காத்திருந்தவர்கள் உண்டு. "வயசு வந்த பொண்ணு. இதான் சாக்குன்னு நிறுத்திடு" என்றார் என் மாமியார். எங்கள் வீட்டுக்காரரும் வாய் திறக்கவில்லை. எனக்கு அடிவயிற்றில் என்னமோ செய்தது. கோச் பிடிக்காமல் ஒரு பெண் நிற்பது வேறு. கோச்சைச் சாக்கு வைத்து அவளை நிறுத்திவிடுவது வேறு. இந்த வயசில் விட்டால் திரும்பவும் மைதானத்துக்குப் போகிற பெண்கள் எத்தனை பேர்?

நம் தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018-லும் 2023-லும் தேசியச் சாம்பியன். மதுரையின் சேது எஃப்.சி. 2019-ல் இந்தியப் பெண்கள் லீகை வென்றது. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்காக ஆடியவர். தமிழ்நாடு போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர். அவர்களுக்கும் ஒரு நாள் புதுக் கோச் வந்து, பிடிக்காமல்தானே இருந்திருக்கும்?

"போகணுமா வேண்டாமா, நீயே முடிவு பண்ணு. ஆனா பத்து நாள் போய்ட்டு வந்து பண்ணு" என்றேன். ஒரு நோட்டைக் கொடுத்து, "தினம் ஒரு வரி எழுது. அவர் எப்படி இருக்கார்னு வேண்டாம். இன்னிக்கு என்ன செஞ்சார்னு எழுது" என்றேன்.

நோட்டில் வந்த வரிகள் இவை: 'இன்னிக்கும் பந்து இல்லை.' 'முட்டி உள்பக்கமா மடங்காம குதிக்கக் கத்துக்கொடுத்தார்.' 'தண்ணி குடிக்க ரெண்டு தடவை விட்டார்.' 'எப்பவும் பெஞ்சில இருக்கறவங்களை முதல்ல ஆட விட்டார்.' 'கத்தினார். ஆனா எல்லாரையும் கத்தினார்.'

அந்த முட்டி விஷயத்தை விசாரித்தேன். கால்பந்தில் முழங்கால் ஜவ்வு கிழிகிற ஆபத்து, வயசுக்கு வரும் பருவத்துப் பெண்களுக்குப் பையன்களைவிட அதிகம். ஆட்டத்துக்கு முன் சுமார் 20 நிமிஷம் ஓட்டம், தசைப் பயிற்சி, ஒற்றைக் கால் சமநிலை, சரியாகக் குதித்து இறங்குவது என்று செய்தால் அடிபடுவது நன்றாகவே குறைகிறது. உலகக் கால்பந்துச் சங்கமான ஃபிஃபா இதற்கென்றே '11 பிளஸ்' என்று ஒரு முறையை வகுத்துத் தந்திருக்கிறது. பெஞ்சில் உட்கார்ந்து நாங்கள் 'மிலிட்டரி' என்று பெயர் வைத்தது இதற்குத்தான்!

பத்தாம் நாள் அவளாகவே ஷூவைத் தேடி எடுத்தாள். "குரல் இப்பவும் பிடிக்கலை. ஆனா கத்துக்கொடுக்கறார்" என்றாள். அது போதும் எனக்கு. அவளோடு வந்த இன்னொரு பெண் நின்றுவிட்டாள். அவள் அம்மாவிடம் இன்னமும் பேசிக்கொண்டிருக்கிறேன்.

எதற்குப் பொறுக்கலாம், எதற்குக் கூடாது?

பொறுக்கலாம் என்றால் எல்லாவற்றுக்கும் அல்ல. இதை இளம் தாய்மார்கள் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

குரல், முகம், உடை, பேசும் தோரணை, முதல் இரண்டு ஆட்டத்தின் முடிவு, 'பழையவர் மாதிரி இல்லை' என்பது: இவற்றுக்கெல்லாம் பத்துப் பதினைந்து நாளாவது அவகாசம் கொடுக்கலாம்.

ஆனால் கீழே சொல்பவற்றுக்கு ஒரு நாள் கூட வேண்டாம்:

1. பயிற்சிக்குத் தேவையில்லாமல் தொடுவது, தனியாக வரச் சொல்வது, 'வீட்டில் சொல்லாதே' என்பது, ராத்திரியில் குழந்தைக்குத் தனியாக மெசேஜ் அனுப்புவது.

2. உடம்பை, நிறத்தை, மாதவிடாயைச் சொல்லிக் கேலி செய்வது.

3. வலிக்கிறது என்றாலும் ஆடச் சொல்வது, தண்ணீர் குடிக்க விடாமல் இருப்பது.

4. பெற்றோர் வந்து பார்க்கக் கூடாது என்று தடுப்பது.

இதில் எது நடந்தாலும் குழந்தையை உடனே அழைத்து வந்துவிடுங்கள். அவள் சொல்வதை நம்புங்கள். நிர்வாகத்திடம் புகார் கொடுங்கள். முதல் வகை நடந்திருந்தால் போலீஸுக்கும் போக வேண்டும். குழந்தைகளைக் காக்க 2012-லேயே போக்ஸோ சட்டம் வந்திருக்கிறது. 1098 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் போன் செய்யலாம்.

வீட்டில் நாம் செய்ய வேண்டியதும் உண்டு. வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள். கிளம்பும் முன் ஒரு வாழைப்பழம், வந்ததும் கேழ்வரகுக் கூழோ அடையோ, ஒரு முட்டை அல்லது கடலை உருண்டை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் முருங்கைக்கீரை. எலுமிச்சம்பழம் பிழிந்து சாப்பிட்டால் கீரையிலுள்ள இரும்புச் சத்து நன்றாக உடம்பில் சேரும். சீக்கிரம் களைத்துப் போகிறாள், முகம் வெளுத்திருக்கிறது என்றால், புதுக் கோச் மேல் பழி போடும் முன் டாக்டரிடம் காட்டி ரத்தத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பிள்ளைகள் எதிரில் புது சாரையும் பழைய சாரையும் ஒப்பிட்டுப் பேசாதீர்கள். நாம் பெஞ்சில் சொல்வது மறுநாள் மைதானத்தில் அவர்கள் முகத்தில் தெரியும். கேள்வி இருந்தால் அவரிடமே நேரில் போய், "சார், இதை எதுக்காகச் செய்யச் சொல்றீங்க?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல பயிற்சியாளர் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் அதையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்!

உங்கள் வீட்டில் அண்மையில் புதிதாக வந்தவர் யார்? டீச்சரா, டியூஷன் மாஸ்டரா, இல்லை மருமகளேதானா? அவர் எப்படி என்று முடிவு செய்ய எத்தனை நாள் எடுத்துக்கொண்டீர்கள்? எழுதுங்களேன். என் மாமியாரின் ஆறு மாசத்தை யாராவது மிஞ்சுகிறார்களா என்று பார்ப்போம்.